ஒன்பதாம் இலக்கப் படிவம்

தொலைபேசி அடித்தபோது பிரசாந்தியின் இரண்டு கையும் வெங்காயத்துக்குள் இருந்தன.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. உரும்பிராயில் அந்த வாரம் எந்த வீட்டு முற்றத்தைப் பார்த்தாலும் வெங்காயம்தான். தோட்டத்தில் பிடுங்கி வந்ததைத் தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி, கொட்டிலுக்குள் தூக்கிவிட வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்குக் குந்தியவள் இடையில் மூன்று தரம்தான் எழும்பியிருந்தாள். மூன்று தரமும் மாமிக்காக.

சட்டையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"பிரசாந்தி அக்காவே? நான் நிரோஜா. நலவாழ்வுத் திட்டம்."

"சொல்லுங்கோ மிஸ்."

"உங்கடை மாதர் சங்கத்தின்ரை பதினாலு படிவமும் பாத்திட்டன் அக்கா. பதின்மூண்டிலை ஒரு பிரச்சினையும் இல்லை. ஒன்பதாம் இலக்கம்தான்..."

"ஒன்பதுக்கு என்ன மிஸ்?"

"அது சிவப்பு அக்கா. அப்பிடி ஒண்டு வந்தால் நாங்கள் நேரிலை வந்து கதைக்கவேணும். விட ஏலாது. நாளைக்கு உங்களுக்குக் கூட்டம்தானே? மூண்டு மணிக்கு வாறன். ஒன்பதாம் இலக்கக்காரியோடை தனிய இருந்து கதைக்க ஒரு அறை ஒழுங்குபடுத்துங்கோ. ஆள் ஆர் எண்டு இப்ப எனக்குச் சொல்ல வேண்டாம். இலக்கமும் பெயரும் எழுதின பட்டியல் உங்களிட்டைத்தானே?"

"ஓம் மிஸ். என்னட்டைத்தான்."

"அந்தப் படிவத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிறன். பாருங்கோ."

தொடர்பு அறுந்தது.

பிரசாந்தி அப்படியே வெங்காயக் குவியலின் மேல் இருந்துவிட்டாள்.

பட்டியல் என்று ஒன்று இல்லை. ஒன்பதாம் இலக்கக்காரி என்று ஒருத்தியும் இல்லை. பதினான்கு படிவங்களையும் நிரப்பியது சங்கத்தின் செயலாளரான பிரசாந்தி ஒருத்திதான்.

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர் வாயில் கை வைப்பார்கள். சங்கம் கூடுகிற சனசமூக நிலைய மண்டபத்துக்கு வருகிற பெண்கள் எவரும் வைக்கமாட்டார்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் தொடங்கிய முறை அது. வீட்டுத்திட்டப் படிவம், மலசலகூடப் படிவம், ஆட்டுப் படிவம், கோழிக்கூட்டுப் படிவம், வெள்ளச் சேதப் படிவம் என்று வந்தவையெல்லாம் அந்த மண்டபத்து மேசையில்தான் நிரம்பின. எழுத்து வடிவாக உள்ள ஒருத்தி இருந்து எழுதுவாள். மற்றவர்கள் வரிசையில் வந்து கையெழுத்து வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவார்கள். உதவிப் படிவம் என்றால் நிலைமையைக் கொஞ்சம் இறக்கி எழுத வேண்டும். பயிற்சி முடிந்து தரும் படிவம் என்றால் கொஞ்சம் ஏற்றி எழுத வேண்டும். அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எவருக்கும் வந்ததில்லை.

இந்தத் தடவை வந்தது மனநலப் படிவம். இருபத்தொரு கேள்வி. பெயர் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும். ஒவ்வொருத்தியும் தனித்தனியே இருந்து தன் கையால் நிரப்ப வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதை வாசித்தவளும் பிரசாந்தி மட்டும்தான்.

"நீயே நிரப்பி விடு பிள்ளை. நாங்கள் எப்பிடி இருக்கிறம் எண்டு உனக்குத் தெரியாதே?" என்று சங்கத் தலைவி செல்வநாயகி சொன்னாள். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பின்னேரம், மாமிக்குக் கஞ்சி ஆறும்வரை, மேசையில் பதினான்கையும் பரப்பி வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் புள்ளடி போட்டாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பிடித்துவிடுவார்கள் என்று நீலப் பேனையும் கறுப்புப் பேனையுமாய் மாற்றி மாற்றி எழுதினாள். எட்டுப் பேர் நல்ல சுகம். ஐந்து பேருக்குக் கொஞ்சம் நித்திரை குறைவு. ஒன்பதாவது படிவத்துக்கு வந்தபோது கை உளைந்தது. யோசிக்காமல் பேனை போன போக்கில் போட்டதாக நினைவு. அதற்குமேல் ஒன்றும் நினைவில்லை.

இப்போது அது சிவப்பாம்.

தொலைபேசி சிணுங்கியது. இரண்டு படங்கள் வந்திருந்தன. முதலாவது திறந்தது. ஒன்பதாம் இலக்கம். வரிசையாகப் புள்ளடிகள். இரண்டாவது படம் திறக்கவில்லை. டேட்டா முடிகிற நேரம். நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

உள்ளே மாமி முனகினாள். பிரசாந்தி எழும்பினாள். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

நாளைக்கு உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றில் வரவு இடாப்பு முழுக்க ஒரே கையெழுத்து இருந்ததென்று திட்டத்தையே மூடிவிட்டுப் போனார்கள். இங்கேயும் அப்படி மூடினால் போவது தையல் இயந்திரமும் இல்லை, தேத்தண்ணிச் செலவும் இல்லை. போவது புதன்கிழமை.

புதன்கிழமை பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை. வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும்தான் அந்தப் பதினான்கு பேரும் கதிரையில் முதுகு சாய்த்து இருப்பார்கள். குரோசே ஊசியும் நூலும் எடுத்துச் சதுரம் பின்னுவார்கள். நிரோஜா மிஸ் வருகிற கிழமைகளில் கண்ணை மூடி மூச்சு இழுத்து விடுவார்கள், பாதிப் பேர் அப்படியே நித்திரையாகிவிடுவார்கள். வீடுகளில் அதற்கு அனுமதி கிடைத்ததற்குக் காரணம் ஒரு கடிதம். ‘வரவு கட்டாயமானது’ என்று முத்திரை குத்திய கடிதம். பிரசாந்தியின் புருசன் கேதீஸ்வரன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "கட்டாயம் எண்டால் என்ன செய்யிறது. போட்டு வா. அந்த நேரம் நான் அம்மாவைப் பாக்கிறன்" என்றான். கெட்ட மனிதன் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் அவனுக்கும் அப்படி ஒரு யோசனை வந்திராது. அவளுக்கும் கேட்கத் தோன்றியிராது.

திட்டம் நின்றால் கடிதம் செல்லாது. கடிதம் செல்லாவிட்டால் புதன்கிழமை இல்லை.

*

புதன்கிழமை இரண்டே காலுக்கே எல்லோரையும் வரச்சொல்லியிருந்தாள். அவசரம் என்று மட்டும் சொன்னாள். பதின்மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வெயிலில் சைக்கிள் உழக்கி வந்த களை ஒரு பக்கம், காலையிலிருந்து வெங்காயம் கட்டிய களை ஒரு பக்கம். மண்டபம் முழுக்க வெங்காய மணம்.

நடு மேசையில் பனையோலைப் பெட்டி இருந்தது. வந்ததும் வராததுமாய் ஒவ்வொருத்தியும் வீட்டில் பின்னி முடித்த சதுரங்களை அதற்குள் போட்டாள். பெயர் எழுதுவதில்லை. போன வருசம் கால்மிதி பின்னியபோது யாருடையது வடிவு என்று இரண்டு பேர் மூன்று மாதம் கதையாமல் இருந்தார்கள். அதிலிருந்து எல்லாம் ஒரே பெட்டி, ஒரே வெள்ளை நூல், ஒரே ஊசி, ஒரே கணக்குத் தையல். நூற்று இருபது சதுரம் சேர்ந்ததும் ஒரு பெரிய கட்டில் விரிப்பு. யாருடைய கட்டிலுக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவாகவே வேண்டாம் என்பதுபோல எல்லோரும் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

சதுரங்களைப் பொருத்துகிற வேலை மகாதேவிக்கு. நாற்பத்தெட்டு வயது, நல்ல தேகம், அதைவிட நல்ல வாய். அளந்து பார்க்கவென்று ஒரு பழைய மர அடிமட்டம் வைத்திருப்பாள்.

"என்னடி அவசரம்? ஆருக்குக் கலியாணம்?" என்றாள் மகாதேவி, அடிமட்டத்தால் முதுகைச் சொறிந்துகொண்டு.

பிரசாந்தி எல்லாவற்றையும் சொன்னாள். படிவம், ஒன்பது, சிவப்பு, மூன்று மணி.



மகாதேவி சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்தால் கதிரையும் சேர்ந்து ஆடும்.

"இல்லாத ஒருத்திக்கு வருத்தம் வந்திட்டுது. அவளைப் பாக்க ஆளும் வருது. எனக்குக் காய்ச்சல் எண்டு நாலு நாள் கிடந்தன், ஒரு நாய் எட்டிப் பாக்கேல்லை!"

"பகிடியை விடு மகாதேவி" என்றாள் செல்வநாயகி. அறுபத்தொரு வயது. இன்னும் தோட்டத்தில் இறைப்பு அவள் கையில்தான். "இப்ப ஆரை இருத்திறது? அதைச் சொல்லுங்கோ. ஒருத்தி ஒன்பதாய் இருக்கத்தான் வேணும்."

"உண்மையைச் சொன்னால் என்ன?" என்றாள் கஜந்தினி. கூட்டத்தில் இளையவள், இருபத்தேழு. கைக்குழந்தையைத் தன் தாயோடு விட்டுவிட்டு வருகிறவள்.

"சொல்லு. சொல்லிப்போட்டு அடுத்த புதன் வீட்டிலை இருந்து பிள்ளையின்ரை துணி தோய்" என்றாள் மகாதேவி.

கஜந்தினி நூலையும் ஊசியையும் கையில் எடுத்தாள்.

"நான் நடிக்கிறன்" மகாதேவி எழும்பி நின்றாள். "பள்ளிக்கூட நாடகத்திலை அழுகிற வேசம் எல்லாம் எனக்குத்தான் தாறது. மேடையிலை நான் விழுந்தால் முன் வரிசை எழும்பி ஓடி வரும்."

"அது நீங்கள் விழுந்தால் மேடை உடைஞ்சிடும் எண்டு அக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. நாலைந்து கொட்டாவிகளும் அதோடு சேர்ந்து வந்தன.

செல்வநாயகி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு நாற்பது.

"சரி, மகாதேவிதான். கெதியாய்ப் பழக்குங்கோ. அந்தப் படத்தைப் பாத்துக் கேள்வியை வாசி கஜந்தினி. ஒன்பது என்ன சொல்லியிருக்கோ அதையே இவளும் சொல்லவேணும். மாறிச் சொன்னால் பிடிபட்டுப் போவம்."

கஜந்தினி பிரசாந்தியின் தொலைபேசியை வாங்கித் தன் தொலைபேசியின் இணைப்பைக் கொடுத்தாள். பிரசாந்தி ஒரு ஓரத்துக் கதிரையில் இருந்து ஊசியை எடுத்தாள். பாதியில் நின்ற சதுரம். விரல்கள் தாமாகவே இழுக்கத் தொடங்கின.

"‘அண்மைக் காலமாக உங்களுக்குப் பசி குறைந்துள்ளதா?’"

"எனக்கே!" மகாதேவி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஒன்பதுக்கு ஆம் அக்கா."

"சரி, ஆம். ஆனா இந்த உடம்பைப் பாத்துப்போட்டு அவள் நம்புவாளே?"

"காத்து அடைச்சது எண்டு சொல்லு" என்றாள் செல்வநாயகி. "அடுத்தது."

"‘காலையில் எழும்பும்போது உடல் பாரமாக உணர்கிறீர்களா?’ ஆம். ‘முன்பு விரும்பிச் செய்த காரியங்களில் இப்போது விருப்பம் இல்லாமல் இருக்கிறதா?’ ஆம். ‘காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா?’ இல்லை."

"அழுகை இல்லையே? பேந்து நான் எதை நடிக்கிறது?" மகாதேவிக்கு ஏமாற்றம். "பிரசாந்தி, அழுகைக்கு ஒரு புள்ளடி போட்டால் குறைஞ்சா போவாய்?"

"அழ எங்கை நேரம்" என்றாள் பிரசாந்தி, ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. செல்வநாயகி மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"‘உங்களுடைய சுகத்தைப் பற்றி யாராவது விசாரிக்கிறார்களா?’" கஜந்தினி திரையை விரலால் பெருப்பித்தாள். "இல்லை எண்டு இருக்கு. ஏன் அக்கா இதுக்கு இல்லை போட்டனீங்கள்? மற்றப் பதின்மூண்டுக்கும் ஓம் எண்டுதானே போட்டிருப்பியள்?"

"வீட்டுக்கு வாறவை படுத்திருக்கிற ஆளைத்தானே விசாரிப்பினம். ‘அவ எப்பிடி, சாப்பிடுறாவே, புண் கிண் வந்திட்டுதே’ எண்டு. பாக்கிற ஆளை ஆர் விசாரிக்கிறது?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அடுத்த தையலை இழுத்தாள்.

மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த மற்ற ஊசிகள் எல்லாம் நின்றன.

அந்தப் பதினான்கு வீடுகளில் படுக்கையில் ஆள் கிடக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். பாரிசவாதம் வந்து மூன்று வருசமாகக் கேதீஸ்வரனின் தாய் கிடக்கிற வீடு. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் வாசல் படலையில் நின்று கேட்பார்கள். "மாமி எப்பிடிப் பிரசாந்தி?" செல்வநாயகியும் கேட்டிருக்கிறாள். மகாதேவியும் கேட்டிருக்கிறாள். கஜந்தினி இன்று உள்ளே வரும்போதுகூட அதைத்தான் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது படம் திறந்தது.

கஜந்தினி அதைப் பார்த்தாள். படிவத்தின் பின்பக்கம். ‘வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதவும்’ என்ற இடம். பிறகு அவள் தொலைபேசியைச் செல்வநாயகியிடம் நீட்டினாள். வாசிக்கவில்லை.

"என்ன அது?" என்றாள் பிரசாந்தி. "அந்த இடத்திலை நான் ஒண்டும் எழுதேல்லையே. பதினாலும் வெறுமையாத்தான் விட்டனான்."

செல்வநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தாள்.

"‘துணி தோய்க்கக் கிணற்றடிக்குப் போனால் திரும்பி வர நேரம் எடுக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.’"

நீலப் பேனை. வடிவான எழுத்து. சங்கத்தின் எல்லா அறிக்கைகளிலும் இருக்கிற அதே எழுத்து.

பிரசாந்தி இதை எப்போது எழுதினாள்? கஞ்சி ஆறியதா என்று தொட்டுப் பார்க்கப் போனது நினைவிருக்கிறது. வந்து இருந்தது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

"அது சும்மா" என்றாள். "நம்புறாப் போலை ஏதாவது வேணும் எண்டு எழுதியிருப்பன். ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்? விசரே உங்களுக்கு? ஒரு படிவத்தை வைச்சுக்கொண்டு..."



மகாதேவி எழும்பிப் போய்ப் பனையோலைப் பெட்டியைக் கவிழ்த்தாள். சதுரங்கள் மேசையில் விழுந்தன. அடிமட்டத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். பிரசாந்தியின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இது உன்ரைதானே?"

"பெயரில்லாமல் எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எல்லாரும் ஒரே கணக்குத்தான் பின்னுறியள். எல்லாருக்கும் அஞ்சு அங்குலம் வருது. உனக்கும் முதல் வந்தது. ஆவணிக்குப் பிறகு நாலே முக்கால். பேந்து நாலரை. இது போன கிழமையான், நாலுதான் வருது. பிடிச்சுப் பார். நூல் இல்லை, கம்பி. ஊசி உள்ளை போகாது. அவ்வளவு இறுக்கி இழுத்திருக்கிறாய்."

பிரசாந்தி விரலால் தடவினாள். பலகைபோல் விறைத்து நின்றது.

"ரெண்டு மாசமாய் உன்ரை சதுரத்துக்கு மட்டும் நான் கரையிலை ஒரு சுற்றுக் கூடப் பின்னிப் பொருத்துறன். இந்த முறை ரெண்டு சுற்றுப் போடவேணும்." மகாதேவியின் குரலில் பகிடி போய்விட்டிருந்தது. "அளவு பிழைக்குது எண்டுதான் பாத்தன் பிரசாந்தி. ஆள் பிழைக்குது எண்டு நான் பாக்கேல்லை."

வெளியே ஸ்கூட்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

மூன்று மணி.

"சரி, நான் போறன்" மகாதேவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஒன்பது நான்தான். ஆம், ஆம், இல்லை, ஆம். எல்லாம் பாடம். ஆனா ஒரு சந்தேகம். கிணத்தடியைப் பற்றிக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? எங்கடை வீட்டிலை குழாய்த் தண்ணி."

பிரசாந்தி அவளைப் பார்த்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிரோஜா உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். தலைக்கவசம் அமர்ந்த இடமெல்லாம் தலைமயிர் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அச்சுவேலியில் ஒரு கூட்டம் முடித்து, மருதனார்மடத்தில் இன்னொன்று முடித்து நேரே வருகிறாளாம். ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள். ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பொதுவாகச் சொன்னாள்.

"நான் பின் அறையிலை இருக்கிறன். ஒன்பதாம் இலக்கம் ஆரோ, விருப்பம் எண்டால் வாங்கோ. விருப்பம் இல்லாட்டில் நான் அஞ்சு மணிமட்டும் இருந்திட்டுப் போறன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எல்லோரும் மகாதேவியைப் பார்த்தார்கள். மகாதேவி கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்தாள். கையில் ஒரு சதுரம். ஊசியைக் கோத்து, கரையில் முதல் தையலைப் போட்டாள். எழும்புகிற ஆளாகத் தெரியவில்லை.

"அக்கா, போங்கோவன்" என்றாள் பிரசாந்தி. "எல்லாம் பாடம் எண்டியள்."

"மறந்து போச்சு."

"அக்கா!"

"முழங்காலும் பிடிச்சுக்கொண்டுது. எழும்ப ஏலாது."

"செல்வநாயகி அக்கா, இவ விளையாடுறா. சொல்லுங்கோ."

"நான் என்னத்தைச் சொல்ல" என்றாள் செல்வநாயகி, கண்ணாடியைத் துடைத்தபடி. "அஞ்சு மணிமட்டும் இருப்பாவாம். ஆரும் போகாட்டில் சும்மா போவா. போய் என்ன எழுதுவாவோ தெரியாது."

மணிக்கூடு மூன்று ஐந்தைக் காட்டியது. மூன்று பத்து. கூட்டத்தில் ஒருத்திக்குக் கண் சொக்கித் தலை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. பிரசாந்தி பின்னிக்கொண்டே இருந்தாள். நூல் ஒரு இடத்தில் சிக்கியது. இழுத்தாள். இன்னும் இழுத்தாள்.

அறுந்தது.

அறுந்த முனையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"சங்கத்துக்காகத்தான் போறன்" என்றாள்.

"ஓம் ஓம்" என்றாள் மகாதேவி. "சங்கத்துக்காகத்தான்."

*

பின் அறை காலையில் முன்பள்ளி. சுவரில் யானையும் மாம்பழமும். கதிரைகள் எல்லாம் சின்னஞ்சிறிசு. நிரோஜா அப்படி ஒன்றில் முழங்கால் நெஞ்சில் இடிக்க இருந்தாள். பிரசாந்தி எதிரில் இன்னொன்றில் இருந்தாள். ஒருவரையொருவர் பார்க்கச் சிரிப்பு வரவேண்டிய கோலம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"நான்தான் ஒன்பது" என்றாள் பிரசாந்தி.

"தெரியும் அக்கா."

"எப்பிடி?"

நிரோஜா பையிலிருந்து படிவக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "பதினாலும் ஒரே கை. நீலம், கறுப்பு எண்டு பேனை மாத்தினால் எழுத்து மாறுமே? நேற்று வாசிச்ச உடனை உங்களுக்குத் தொலைபேசி அடிச்சனான். படமும் அதாலைதான் அனுப்பினனான். எழுதின ஆளுக்குத்தானே அனுப்பவேணும்."

பிரசாந்தி கதிரையோடு முன்னுக்கு நகர்ந்தாள். "மிஸ், அவையளிலை பிழை இல்லை. நான்தான் எழுதினனான். திட்டத்தை நிப்பாட்டிப் போடாதேங்கோ. எனக்கு எண்டு கேக்கேல்லை. பதினாலு பேருக்கும் இந்தப் புதன்கிழமை ஒண்டுதான். என்னைச் செயலாளரிலையிருந்து எடுத்துவிடுங்கோ. வேறை ஆரையும் போடுங்கோ."

"எல்லா ஊரிலையும் ஒரே கைதான் அக்கா." நிரோஜா நெற்றியைத் தேய்த்தாள். "இண்டைக்கு ரெண்டு இடத்திலை பாத்திட்டு வாறன். எல்லாரும் நல்ல சுகம். எல்லாருக்கும் நல்ல நித்திரை. நாற்பது படிவத்திலை ஒரு படிவம் உண்மை பேசினால் அதிசயம். உங்கடை பதினாலிலை அப்பிடி ஒண்டு இருந்தது. அதை வாசிச்சிட்டு, எழுதினவவைச் செயலாளரிலையிருந்து எடுக்கவே நான் வந்தனான்?"

"அப்ப மற்றப் பதின்மூண்டும்?"

"திருப்பித்தான் செய்யவேணும். நான் ஒவ்வொருத்தராய்த் தனிய இருத்திக் கேட்டு நிரப்பிறன். ஒரு நாளைக்கு ஓராளுக்கு மேலை என்னாலை ஏலாது." படிவக் கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "பதின்மூண்டு புதன்கிழமை எடுக்கும். மேலிடத்துக்கும் அப்பிடித்தான் எழுதப்போறன். அவை ஏசினால் ஏசட்டும். இந்தக் களையோடை நிக்கிற எனக்கு இனி ஏச்சுக் கேக்க இடமில்லை."

பிரசாந்தி அதை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்று. தை முடிந்து மாசியும் வந்துவிடும். மூச்சு ஒன்று தானாக வெளியே வந்தது. வகுப்பில் இழுத்து விடச் சொல்லும் மூச்சு இல்லை. அது வேறு.

நிரோஜா ஒரு புதிய படிவத்தை எடுத்து முன்னால் வைத்தாள். பேனையையும் வைத்தாள். மேலே ஒன்பது என்று எழுதியிருந்தது.

"இதை நீங்களே நிரப்புறியளே? இல்லாட்டில் நான் கேக்கட்டே?"

பிரசாந்தி பேனையை எடுத்தாள். ஆயிரம் படிவம் நிரப்பிய கை. முதல் கேள்வியை வாசித்தாள். ‘கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள்...’ எழுத்து நகர்ந்தது. மறுபடி வாசித்தாள். பேனையை வைத்துவிட்டாள்.

"மிஸ்."

"சொல்லுங்கோ அக்கா."

"கொஞ்ச நேரம் ஒண்டும் கதையாமல் இருக்கலாமே?"

"ஓம் அக்கா" என்றாள் நிரோஜா. "எனக்கும் அதுதான் வேணும்."

இருந்தார்கள். யன்னலுக்கு வெளியே யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. பிறகு பிரசாந்தி கதைத்தாள். கிணற்றடியில் மாமியின் துணிகளைத் தோய்த்துக் கொடியில் போட்ட பிறகும் ஏன் அங்கேயே நிற்கிறாள் என்று. அங்கே ஒருவரும் கூப்பிடாத அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி. அந்த ஐந்து நிமிடம் இப்போது பத்தாகி, இருபதாகி வருவதைப் பற்றி. அந்த நேரத்தில் வருகிற சில யோசனைகளைப் பற்றி, அவை யாருடைய யோசனைகள் என்று தனக்கே தெரியாததைப் பற்றி. நிரோஜா ஒன்றும் எழுதவில்லை. சில இடங்களில் கேட்டாள். சில இடங்களில் தன் கையை அவள் கையின் மேல் வைத்தாள். அழுகை ஒன்று வந்து பாதியில் நின்றது. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் தானும் கூட வருவதாக நிரோஜா சொன்னாள். பிரசாந்தி ஓம் என்றாள். கேதீஸ்வரனுக்கு நிரோஜாவே விளங்கப்படுத்துவதாகச் சொன்னாள். அதற்கும் ஓம் என்றாள்.

ஐந்து அடித்தது. ஐந்தேகால் ஆயிற்று.

மண்டபத்தில் பிரசாந்தியின் தொலைபேசி அடித்தது. அடித்து நின்று மறுபடி அடித்தது. அவள் பழக்கத்தில் எழும்பப் பார்த்தாள். சின்னக் கதிரை இடுப்போடு சேர்ந்து எழும்பியது.

மெல்லிய பலகைச் சுவர். மகாதேவியின் குரல் அப்படியே கேட்டது.

"ஓம் கேதீசு அண்ணை... இல்லை, இன்னும் முடியேல்லை... நிறுவனத்திலையிருந்து வந்து நிக்கினம். கட்டாயமாம்... அம்மா கூப்பிடுறாவோ? அப்ப போய்ப் பாருங்கோவன். போர்வையை மாத்தத் தெரியாதே? தெரியாட்டில் இருங்கோ, செல்வநாயகி அக்காவும் நானும் வாறம்... ஓம், இப்ப வாறம்... பிரசாந்தியே? பிரசாந்தி இருக்கட்டும்."

அழைப்பை வைத்த சத்தம். கதிரைகள் நகர்ந்தன.

"எடி கஜந்தினி, என்ரை அடிமட்டம் எங்கை? அந்தச் சதுரத்தை எடுத்து வை, மிச்சச் சுற்றை வீட்டை போய்ப் போடுறன். அவிழ்க்காதை! அவிழ்த்தால் தொலைச்சுப் போடுவன் உன்னை."

பிரசாந்தி கதிரையைத் திரும்ப நிலத்தில் வைத்து, அதில் இருந்தாள்.